தயாளினி வேண்டாமென்ற வேலை

தயாளினியைப் பற்றி யாராவது நல்லதாக நாலு வார்த்தை கேட்டால் நான் நாற்பது சொல்லுவேன். அவ்வளவு நல்ல பிறவி. ஆனால் அவள் செய்த ஒரு காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. முழுக் கதையும் எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. உங்களுக்கு அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்துச் சொல்லுகிற பழக்கம் என்னிடம் இல்லை. அந்தப் பழக்கத்தால் வந்த வினைதான் இது.

விசயம் இவ்வளவுதான். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ஹொட்டல் ஒன்றில் தயாளினியும் நானும் அறை துப்புரவு செய்கிறோம். அங்கே மேற்பார்வை வேலை ஒன்று காலியானது. தயாளினி அதற்குப் பேர் கொடுத்தாள். கொடுத்ததைப் புருசனைத் தவிர ஒருவருக்கும் சொல்லவில்லை. அதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. கேட்ட ஆட்களுக்கெல்லாம் அந்த வேலை தனக்கு வேண்டவே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

வேண்டாமாம்! அந்த வேலை அவளைப்போல வேறு யாருக்கும் தேவைப்படவில்லை. ஹொட்டல் கட்டில் விரிப்பது வீட்டுக் கட்டில் விரிப்பது மாதிரி இல்லை. மெத்தையின் மூலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறு கையால் விரிப்பை உள்ளே செருக வேண்டும். ஒரு அறை முடிந்தால் அடுத்த அறை. தயாளினியின் வலது மணிக்கட்டு வீங்கி, பால் போத்தல் மூடி திறக்கவே அவளுக்கு மகன் சேந்தன் வர வேண்டியிருந்தது. வேலையாட்களைப் பார்க்கிற டொக்டர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்தக் கையோடு இன்னும் கனகாலம் கட்டில் விரிக்க முடியாது, வேறு வேலை தேடு என்று சொல்லிவிட்டார். நாற்பத்தேழு வயதில், பிழை பிழையாகப் பிரெஞ்சு பேசுகிற பொம்பிளைக்கு வேறு வேலையை யார் தூக்கிக் கொடுக்கப் போகிறார்கள்?

மேற்பார்வையாளருக்குக் கட்டில் விரிக்கிற வேலை இல்லை. தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு மாடி மாடியாகப் போய் அறைகளைச் சரிபார்க்க வேண்டும், விருந்தினர் முறைப்பாடு சொன்னால் கேட்க வேண்டும். லண்டன் ரயிலில் வந்து இறங்குகிறவர்கள்தான் எங்களிடம் கூடுதலாகத் தங்குவது. அதனால் ஆங்கிலம் தெரிந்தவர் வேண்டும் என்றார்கள். தயாளினி சாவகச்சேரியில் ரியூட்டரி ஒன்றில் ஆங்கிலம் படிப்பித்தவள். கொஞ்சம் பழைய ஆங்கிலம்தான், ஆனால் ஆங்கிலம்.

பிறகேன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு லண்டன் கதையைச் சொல்ல வேண்டும்.

சேந்தன் பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் லண்டன் பேச்சுத்தான். புருசன் யோகநாதனுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தவுடன் இங்கிலாந்துக்குப் போய்விடுவது, பிள்ளையை இங்கிலீசில் படிப்பிப்பது. எங்களுடைய ஆட்கள் எத்தனையோ பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். தயாளினி அப்போது ஒன்றையும் மறைக்கவில்லை. எங்கள் கடைத்தெருவான லாச்சப்பலில் புடவைக் கடைக்காரருக்குச் சொன்னாள், தேர்த் திருவிழாவில் கற்பூரச் சட்டியோடு நின்றவளுக்கும் சொன்னாள். சோபாவை விற்றாள். எபினேயில் யோகநாதனின் தமையன் வீட்டில் பிரியாவிடை விருந்தும் சாப்பிட்டோம். குடியுரிமை கையில் வந்து சேர்ந்தபோது இங்கிலாந்துக்காரன் இனிப் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தாலும் வந்து குடியேற முடியாது என்று கதவைச் சாத்திப் பூட்டிவிட்டான்.

அதற்குப் பிறகு அவள் தெருவில் இறங்க முடியவில்லை. "என்ன பிள்ளை, இன்னும் போகேல்லையோ?" மரக்கறிக் கடையில் இதே கேள்வி, மெத்ரோப் படியில் இதே கேள்வி. சிலர் அக்கறையாகக் கேட்டார்கள், சிலர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கேட்டார்கள். எல்லாம் நாவூறுதான், ஊர் வாயிலும் கண்ணிலும் விழுந்ததுதான் என்று தயாளினி முடிவு கட்டினாள். செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி மின்னடுப்பில் ஒரு சட்டியை வைத்து அதில் போட்டாள். புகை மணி அலறி, எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் இருமிக்கொண்டு தீயணைப்புப் படைக்கு அடித்துவிட்டார். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. காரியம் கைகூடும்மட்டும் வாய் திறக்கக்கூடாது.

நாங்கள் எல்லாரும் அப்படித்தான், நான் குறை சொல்ல வரவில்லை. விசா கையில் கிடைக்கும்மட்டும் சொல்ல மாட்டோம். கலியாணப் பேச்சு முற்றாகும்மட்டும் சொல்ல மாட்டோம். ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா?

இனி எமெசேயிடம் வருவோம். எமெசே ஹங்கேரிக்காரி, எங்களோடு ஒரே மாடியில் வேலை செய்தவள். உயரமான, எலும்பும் தோலுமான மனுசி, சிரித்தால் முகம் முழுக்கச் சிரிக்கும். விருந்தினர் யாராவது ஆங்கிலத்தில் ஏதும் கேட்டால் துவாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நிற்பாள். ஹங்கேரியில் அச்சடித்த புத்தகம் ஒன்று வைத்திருந்தாள். ஆங்கில மரபுத்தொடர்களை ஹங்கேரிக்காரருக்கு விளங்கப்படுத்துகிற புத்தகம். "படித்தால் விளங்குகிறது. வாயைத் திறந்தால் ஒன்றும் வருவதில்லை" என்று ஒருநாள் அதைத் தயாளினியின் மடியில் போட்டாள். அன்று தொடங்கியது வகுப்பு. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், விரிப்புகள் அடுக்கி வைக்கிற துணி அறையில், எங்கள் புட்டும் அவளுடைய சொசேஜும் மணக்க மணக்க நடக்கும். இரண்டு பேருக்கும் பொதுவான மொழி உடைந்த பிரெஞ்சு. அதை நான் நல்ல தமிழில் சொல்லுகிறேன், அதை வைத்து ஏதோ சரளமாகப் பேசினார்கள் என்று எண்ண வேண்டாம்.

"லுக் என்றால் பார்," என்று தொடங்கினாள் தயாளினி. "லுக் ஆஃப்டர் என்றால்?"

"பின்னாலே பார்ப்பது?"

"இல்லை. கவனமாக வைத்திருப்பது. பிள்ளையை, நோயாளியை."

எமெசே தலையைப் பிடித்துக்கொண்டாள். தயாளினி என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னாள்: "எங்களிலையும் உதுதானே, கோசலையக்கா. பார், பாத்துக்கொள். விடு, விட்டுக்குடு. ஒரு வாலைக் கொழுவிவிட்டால் கருத்து வேறை. ஒவ்வொரு வாலையும் தனித்தனியாத்தான் பழக வேணும், வேறை வழியில்லை."

அதையே அவள் எமெசேக்கும் விளங்கப்படுத்தினாள். எமெசே கொஞ்சம் யோசித்துவிட்டுத் துள்ளி எழும்பினாள். தங்களுடைய மொழியில் அந்த வாலை முன்னுக்கு ஒட்டுவார்களாம். கிவ் அப் என்றால் கைவிடுவது என்று தயாளினி சொல்ல, எமெசே கைதட்டினாள். ஹங்கேரி மொழியிலும் 'மேலே' என்பதையும் 'கொடு' என்பதையும் சேர்த்தால் கைவிடுவதுதானாம். இரண்டு பேரும் இலங்கையும் ஹங்கேரியும் சம்பந்தம் செய்துகொண்ட மாதிரிச் சிரித்தார்கள்.

எல்லாம் அப்படி லேசாகப் பொருந்தவில்லை. புட் அப் வித் என்பதை எப்படிச் சொல்லியும் எமெசேக்குப் பிடிபடவில்லை. போடு, மேலே, உடன் என்று மூன்றையும் சேர்த்தால் பொறுத்துக்கொள்வது எங்கே வருகிறது என்று சண்டைக்கு வந்தாள். தயாளினி எழும்பி அவளுடைய கைகளில் ஒரு போர்வையை வைத்தாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. முகம் மறையும்மட்டும் அடுக்கிவிட்டு, "இப்போது அப்படியே நில். அதுதான்" என்றாள். போர்வைகளுக்குப் பின்னாலிருந்து, "இது எனக்கு முன்பே தெரியுமே! என் முதல் புருசன்!" என்று குரல் வந்தது.

அதற்குப் பிறகு தயாளினி புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அறைகளிலேயே படிப்பிக்கத் தொடங்கினாள். சவர்க்காரம் முடிந்துபோனால் ரன் அவுட். மேசையை ஒழுங்குபடுத்தினால் டைடி அப். குழாய் பழுதாகினால் யாரையாவது கூப்பிட்டு சோர்ட் அவுட். எமெசே தூசி இழுக்கும் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு மந்திரம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டு போவாள். ஒருநாள் மழைக்குள் வந்த ஒரு ஆங்கிலேயரிடம், பூனையும் நாயுமாக மழை கொட்டுகிறது என்று தயாளினி பழக்கியபடியே அவள் சொல்ல, அந்த மனிதர் குடையைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாராம். அதை இப்போது பள்ளிக்கூடப் புத்தகம்தான் சொல்லுமாம். "உனக்குப் படிப்பிச்சவை எந்தக் காலத்து ஆக்களடி?" என்று நான் தயாளினியைப் பகிடி பண்ணினேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது, பாவம்.

வேலை காலியான கதை இந்த நேரத்தில்தான் வந்தது. எங்கள் மேற்பார்வையாளர் மரி-கிளேர், பாண்டிச்சேரிக் குடும்பத்துக்காரி, ஓய்வு எடுக்கப் போகிறேன் என்று துணி அறையில் வந்து சொன்னாள். சொல்லிவிட்டு நேராகத் தயாளினியைப் பார்த்தாள்.

"ஏம்மா, நீ பேர் குடேன். இங்லீஷ் தெரிஞ்சவ இங்க நீதான். பத்ரோன்கிட்ட நான் பேசறேன்."

பத்ரோன் என்றால் எங்கள் முகாமையாளர். வேறு எவளாவது என்றால் மரி-கிளேரின் காலில் விழுந்திருப்பாள். தயாளினி என்ன சொன்னாள் தெரியுமா?

"ஐயோ, எனக்கேன் அக்கா அந்தக் கரைச்சல்? நான் என்ரை பாட்டிலை இருந்திட்டுப் போறன்."

"நெஜமாவா சொல்ற?"

"சத்தியமா வேண்டாம் அக்கா."

அதற்கு முதல் நாள் பின்னேரமே, கொம்பனியின் இணையத் தளத்தில் விளம்பரத்தைக் கண்டு, யோகநாதன் தன்னுடைய தொலைபேசியில் அவளுடைய பேரைப் போட்டிருந்தான். அது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பேர் உள்ளே போய்விட்டது, ஆங்கிலம் இருக்கிறது, கட்டாயம் கூப்பிடுவார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை. வேலை கிடைத்த பிறகு ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு போய் எல்லாருக்கும் சொல்லலாம். அதுமட்டும் மூச்சு விடக்கூடாது. இதுதான் அவளுடைய கணக்கு.

அடுத்த நாள் எமெசே சாப்பிடாமல் தயாளினிக்கு முன்னால் வந்து குந்தினாள்.

"நான் அந்த வேலைக்குப் பேர் போடலாம் என்று நினைக்கிறேன். ஆனால் உனக்கு வேண்டுமென்றால் போட மாட்டேன். ஆங்கிலம் உன்னுடையது. உண்மையைச் சொல், உனக்கு வேண்டுமா?"

"வேண்டாம். நீ போடு."

"தயா, என்னைப் பார்த்துச் சொல்."

"வேண்டாமென்றால் வேண்டாம். போடு, நான் பழக்கிவிடுகிறேன்."

நான் பக்கத்தில்தான் புட்டுத் தின்றுகொண்டிருந்தேன். இப்படியும் ஒரு மனுசியா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்னுடைய கண்ணீரைத் திருப்பித் தந்தால் நல்லது.

சொன்ன மாதிரியே பழக்கினாள். கோபமாக வருகிற விருந்தினராகத் தானே நடித்தாள். வீங்கிய கையை ஆட்டி ஆட்டிக் கத்தினாள். எமெசே தடுமாறினால் மறுபடியும் தொடக்கத்திலிருந்து. எமெசே என்ன செய்தாலும் தன்னை மிஞ்ச மாட்டாள் என்று நினைத்தாளோ, மாட்டேன் என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று பயந்தாளோ, எனக்குத் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும்.

நேர்முகம் நடந்த அன்று தயாளினி புதுச் சட்டை போட்டு, தலை இழுத்துக் கட்டி, பொட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். கோயிலுக்குப் போகிறாளாக்கும் என்று நினைத்தேன். வேலை நேரத்தில் தொலைபேசி வைத்திருக்கக்கூடாது, ஆனால் அன்றைக்கு அவளுடைய ஏப்பிரன் பையில் அது இருந்தது. அறைக்கு அறை அதை எடுத்துப் பார்த்தாள். எமெசேயைக் கூப்பிட்டார்கள். போனவள் குதித்துக்கொண்டு வந்தாள். பத்ரோன் குளிக்கத் தண்ணீர் சுடவில்லை என்று சத்தம் போடுகிற ஆளாக நடித்தாராம். இவள், வருந்துகிறேன் ஐயா, உடனே பார்க்கிறேன், இனி நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை என்று பொழிந்து தள்ளியிருக்கிறாள்.

"போர்வைகளை நினைத்தேன், தானாக வந்தது!" என்று தயாளினியைக் கட்டிப்பிடித்தாள். தயாளினி அவளுடைய முதுகில் தட்டிக் கொடுத்தாள். மற்றக் கையில் தொலைபேசி இருந்தது. அது அன்று முழுவதும் அடிக்கவில்லை.

முடிவு அந்த வாரமே தெரிந்துவிட்டது. வேலை எமெசேக்கு. அவள் கசகசா வைத்துச் சுருட்டிய கேக் ஒன்றைத் தானே செய்து கொண்டுவந்து முதல் துண்டைத் தயாளினிக்கு நீட்டினாள். தயாளினி வாங்கித் தின்றாள், நல்லாயிருக்கு என்றும் சொன்னாள். பிறகு மரி-கிளேரைத் தேடிக்கொண்டு பின்படிக்குப் போனாள். அவளுடைய முகம் சரியில்லாததால் நானும் பின்னாலே போனேன்.

"அக்கா, என்னை ஏன் கூப்பிடேல்லை?"

"எதுக்கும்மா?"

"அந்த வேலைக்கு. என்ரை பேர் கிடந்ததே."

மரி-கிளேர் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "பத்ரோன் கேட்டாரும்மா. உன் பேரும் இருக்குன்னு காட்டினாரு. நான்தான் சொன்னேன், அவ எங்கிட்ட சத்தியம் பண்ணி வேணாம்னுட்டா, வீட்டுக்காரர் போட்டு விட்டிருப்பாருன்னு. உன் பேரை எடுத்துட்டாரு. நீதானேம்மா சொன்ன?"

தயாளினி படியில் அப்படியே குந்திவிட்டாள். எனக்கு வந்த விசருக்கு அளவில்லை.

"உனக்கென்ன மூளை பிசகிப் போச்சே? வாயிலை கொழுக்கட்டையே? ஒரு சொல்லு, ஒரே ஒரு சொல்லு சொல்லியிருந்தா வேலை உன்ரை!"

"நாவூறுக்குப் பயந்தனான், அக்கா."

"ஆற்றை நாவூறு? என்ரையோ?"

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதுவே எனக்குப் போதுமான பதிலாக இருந்தது. பதினொரு வருசம் ஒரே கட்டடத்தில் இருந்து, ஒரே கறிச்சட்டியில் தின்று, என்னுடைய நாக்குக்கும் பயந்திருக்கிறாள். என்னை அது எவ்வளவு சுட்டது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவள் வீங்கிய கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்க்க, திட்டவும் மனம் வரவில்லை. பக்கத்தில் குந்தினேன். களைப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மரி-கிளேர் எமெசேயிடம் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் அவள் படியால் ஓடி வந்தாள். அன்றைக்குத்தான் கொடுத்த புதுத் தொலைபேசி அவளுடைய கழுத்தில் ஆடியது.

"உன் பேரும் இருந்ததா?"

தயாளினி தலையாட்டினாள்.

"பிறகு ஏன்?"

தயாளினி சொல்லப் பார்த்தாள். பிரெஞ்சில் தொடங்கினாள், நடுவில் நின்றது. ஆங்கிலத்துக்கு மாறினாள், அங்கேயும் நின்றது. ஒரு நல்லதை முன்கூட்டிச் சொன்னால், மற்றவர்கள் அதைப் பார்த்தால், அது, அது என்று இழுத்தாள். கடைசியில் தன் கண்ணைத் தொட்டுக் காட்டினாள்.

எமெசேக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது.

"எங்கள் ஊரிலும் இருக்கிறது," என்றாள். "கண்ணால் அடிப்பது என்று சொல்லுவோம். குழந்தையின் கையில் அம்மா சிவப்பு நூல் கட்டுவாள். ஆனால் நாங்கள் நல்லதை வேண்டாதவர்களுக்குத்தான் மறைப்போம், தயா."

அந்த மனுசியின் முகத்தில் சிரிப்புக்கென்று இருந்த இடமெல்லாம் காலியாகக் கிடந்தது. வேலை கிடைத்த நாளில் இப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை. தயாளினிக்கு அப்போதுதான் கண்ணீர் வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

"எனக்கு அது வேண்டும்," என்றாள். "எமெசே, எனக்கு அந்த வேலை வேண்டும். என்னால் இனிக் கட்டில் விரிக்க முடியாது."

"நான் கேட்டேனே," என்றாள் எமெசே. அவளும் அழுதாள். "உனக்கு முன்னால் குந்தியிருந்து கேட்டேன். இப்போது நான் கையெழுத்து வைத்துவிட்டேன். என் பழைய இடத்துக்கு வேறு ஆள் நாளைக்கு வருகிறாள். நான் எங்கே போவேன்?"

அவளுடைய கழுத்தில் தொலைபேசி அடித்தது. எமெசே கண்ணைத் துடைத்துவிட்டு எடுத்தாள். ஆங்கிலத்தில் யாரோ எதையோ வேகமாகக் கேட்க, தடுமாறாமல் பதில் சொன்னாள். வைத்த பிறகு எங்களைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

"மூன்றாம் மாடியில் இரண்டு குடும்பம் வந்துவிட்டது. கட்டில்கள் இன்னும் விரிக்கவில்லையாம். தயவுசெய்து போ, தயா."